ரத்த வகை மாறாது, ஆள் மாறும்

எங்கள் ஊர்ப் பேச்சில் ரத்தம் ஓடுவதும் நரம்பில்தான், வலி இழுப்பதும் நரம்பில்தான். ‘சிரை’ என்று புத்தகத்தில் படித்து, ‘சிரை’ என்றே தேர்விலும் எழுதிய நான், வார்டுக்குள் கால் வைத்த முதல் வாரத்திலேயே அந்தச் சொல்லைக் கைவிட்டேன். “உனக்காவது நரம்பு கிடைக்குமா தாயி? நேற்று வந்த பிள்ளை நாலு இடத்தில் குத்திவிட்டுப் போய்விட்டது” என்று கையை நீட்டும் பாட்டியிடம் உடற்கூறு வகுப்பா எடுக்க முடியும்?

2003-இல் டி.எம்.எல்.டி. சேர்ந்தேன். மருத்துவ ஆய்வக நுட்பவியல் பட்டயப் படிப்பு, இரண்டு வருடம், அரசுக் கல்லூரி. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து, மருத்துவத்துக்கு மதிப்பெண் எட்டாமல் போன பிள்ளைகளின் கூட்டம் அது. வெள்ளைக் கோட்டு போடுவாள், ஆஸ்பத்திரியில் இருப்பாள், அது போதும் என்று அப்பா சமாதானமானார். பக்கத்து வீட்டு அத்தை மட்டும், “மூத்திரம் பார்க்கிற வேலையா?” என்று நேராகக் கேட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அத்தை கேட்டதில் பிழை ஏதுமில்லை. முதல் ஆறு மாதம் அதைத்தான் பார்த்தோம்.

பெனடிக்ட் கரைசல் 5 மில்லி, அதில் சிறுநீர் 8 சொட்டு, கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை ஏகமாக இருக்கிறது. பித்த உப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கந்தகத் தூளை மேலே தூவுவோம். சாதாரணச் சிறுநீரில் தூள் மிதக்கும், பித்த உப்பு இருந்தால் மூழ்கும். மந்திரவாதி வேலை போல இருக்கும் அது. பரப்பு இழுவிசை குறைவதுதான் மந்திரம். இன்று இவற்றில் பலவற்றுக்கு ஒரு சோதனைப் பட்டை வந்துவிட்டது. முக்கி எடுத்து நிறத்தை ஒப்பிட்டால் முடிந்தது.

பயிற்சிக்கு எங்கள் மாதிரிகளையே நாங்கள் கொண்டுபோவோம். ஒருநாள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சோதனைக் குழாய் பச்சையாகி மஞ்சளுக்கு நகர்ந்தது. பதினெட்டு வயதில் சர்க்கரை நோயா என்று அவள் அங்கேயே உடைந்துவிட்டாள். அவளுடைய பாட்டிக்குச் சர்க்கரையால் கால் எடுத்திருந்தார்கள். பயிற்சி தந்த மூத்த டெக்னீஷியனை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து குழாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு அவளது கைப்பையைக் காட்டி, “அதில் என்ன மாத்திரை வைத்திருக்கிறாய்?” என்று கேட்டார். சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரை. மிட்டாய் மாதிரி நாளெல்லாம் தின்றுகொண்டிருந்தாள். “இந்தக் கரைசலுக்குச் சர்க்கரையைத் தெரியாது. தாமிரத்தை ஒடுக்குகிற எது வந்தாலும் நிறம் மாறும். வைட்டமின் சியும் ஒடுக்கும். நீ கேட்ட கேள்வி வேறு, அது சொன்ன பதில் வேறு” என்றார். ரத்தச் சர்க்கரை பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. அவள் அன்றே மாத்திரையை விட்டாள். எனக்கு அண்ணாச்சி சொன்ன கடைசி வாக்கியம் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

அண்ணாச்சி, ரத்தத்தை வாயால் உறிஞ்சிய தலைமுறை. அணுக்களை எண்ணுவதற்கான கண்ணாடிப் பிப்பெட்டின் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். அதற்குள் வெள்ளை மணி கிடந்தால் வெள்ளையணு பிப்பெட், சிவப்பு மணி கிடந்தால் சிவப்பணு பிப்பெட். ரப்பர் குழாயின் மறுமுனையை வாயில் வைத்து, கோடு வரைக்கும் ரத்தத்தை இழுத்து, பிறகு நீர்க்க வைக்கும் திரவத்தை இழுக்க வேண்டும். ஒரு இமை தவறினால் வாய்க்குள் வந்துவிடும். வெள்ளையணுத் திரவம் புளிக்கும், சிவப்பணுத் திரவம் கரிக்கும் என்று அவர் அடையாளம் சொன்னார். நாங்கள் சரிபார்த்துக்கொள்ளவில்லை. எண்ணும் அறை என்பது கட்டம் போட்ட கண்ணாடித் தகடு; அதன் நான்கு மூலைச் சதுரங்களில் இருக்கும் வெள்ளையணுக்களை எண்ணி 50-ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டருக்கான கணக்கு வரும். “ஒன்றை விட்டால் ஐம்பதை விட்டாய்” என்று தலைக்கு மேலே நின்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஊசி போடக் கற்றது ஒருவர் கையை ஒருவர் குத்தித்தான். கண்ணால் தேடாதே, விரலால் தேடு என்பது பாடம். முழங்கை மடிப்பில் விரல் நுனியை வைத்தால் நல்ல நரம்பு அமுங்கி மீண்டு எழும்பும். தசைநாண் கயிறு போல விறைத்து நிற்கும். துடித்தால் அது தமனி, தொடாதே. கறுத்த தோலிலும் பருத்த கையிலும் பச்சைக் கோடு தெரியவே தெரியாது, விரல்தான் கண். கட்டிய ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. கையை மூடித் திற, மூடித் திற என்று நோயாளியைப் பாடாய்ப்படுத்தினால் தசையிலிருந்து பொட்டாசியம் இறங்கி ரத்தத்தில் கூடிவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் முதல் முறை தோழியின் கையில் ஊசி நுழைந்து, குழாயில் ரத்தம் மேலேறியபோது, மயங்கி உட்கார்ந்தது நான். குத்து வாங்கியவள் எனக்குத் தண்ணீர் பிடித்துவந்தாள்.

படிப்பு முடிந்து 2005-இல் ஒரு தனியார் ஆய்வகத்தில் சேர்ந்தேன். மாதம் 1,800 ரூபாய். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றுக்காரர்கள் வந்துவிடுவார்கள், அதனால் நாங்களும் வெறும் வயிற்றில்தான். சம்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை அதற்கே போய்விடும். விட்டுவிடுகிறேன். அங்கேதான் டியூப்களின் நிறம் எனக்கு மொழியானது. இளநீல மூடி ரத்த உறைவுச் சோதனைக்கு, சிவப்பு சீரத்துக்கு (ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீர்), பச்சையில் ஹெப்பாரின், ஊதாவில் இடிடிஏ (இரண்டும் ரத்தம் உறையாமல் தடுப்பவை), சாம்பல் நிறத்தில் சர்க்கரைக்கான ஃபுளோரைடு. ஒரே குத்தில் பல டியூப் நிரப்பும்போது வரிசை மாறக் கூடாது. ஒன்றில் இருக்கும் ரசாயனம் ஊசி முனையில் ஒட்டி அடுத்ததற்குள் போய்விடும். நீல டியூபைக் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு பிசகினால், ரத்தம் உறைய நேரமாகிறது என்று பொய்யாக ரிப்போர்ட் வரும். சர்க்கரை டியூபை மறந்து வேறு டியூபில் எடுத்து வைத்தால், ரத்த அணுக்கள் உள்ளேயே உட்கார்ந்து சர்க்கரையைத் தின்னும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். முகாம்களில் காலையில் எடுத்த ரத்தம் மதியம் வரை வெயிலில் காத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த ஆய்வகத்தில் ஒரு மாலை. பக்கத்து கிளினிக்கிலிருந்து வந்த மாதிரி ஒன்றில் பொட்டாசியம் 8.9. 3.5-க்கும் 5-க்கும் இடையே இருக்க வேண்டிய எண் இது. 8.9 என்றால் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். கருவியை இன்னொரு முறை ஓட்டினேன், அதே எண். முதலாளி போனை எடுத்துவிட்டார், டாக்டரிடம் சொல்ல. எனக்கு அந்த நோயாளி நினைவுக்கு வந்தார். அரை மணி நேரம் முன்னால்தான் எங்கள் மாடிப்படி ஏறி வந்து, ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்டு, பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போனார். 8.9 இப்படிப் படியேறாது.

அதே சீரத்தில் கால்சியத்தையும் ஓட்டிப் பார்த்தேன். 4.1. குறைந்தது 8.5 இருக்க வேண்டியது. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி, ஏறக்குறைய இல்லவே இல்லை. மூன்று எண்களும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன. ஊதா டியூபில் இருக்கும் இடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக் கட்டிப்போடுவதால்தான் அதில் ரத்தம் உறைவதில்லை. அந்த நொதி வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் கூட அது விட்டுவைக்காது. கிளினிக்குக்குப் போன் செய்து, ரத்தம் எடுத்த நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டுதான் கேட்டேன். “சிவப்பு டியூபில் கொஞ்சம் குறைவாக இருந்தது, அதனால் ஊதாவிலிருந்து ஊற்றி நிரப்பினேன். ஏன்? ஒரே ஆளின் ரத்தம்தானே?” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. அந்த மனிதரைத் திரும்ப அழைத்து மறுபடி எடுத்தோம்: 4.3. பழைய எண்ணை நம்பிப் பொட்டாசியத்தை இறக்க மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். முதலாளி, இன்னொரு டியூப் செலவானதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

கருவி பொய் சொல்லாது என்று வெளியே நினைக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைப்பதில்லை. தினமும் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன், ‘கன்ட்ரோல்’ என்ற, விடை தெரிந்த சீரம் ஒன்றைக் கருவிக்குக் கொடுத்து, அது சரியாகச் சொல்கிறதா என்று பரீட்சை வைப்போம். வந்த எண்ணை லெவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். வீட்டு வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு வந்து, இங்கே வந்தும் புள்ளி. நடுக்கோட்டுக்கு மேலும் கீழுமாகப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் கருவி நலமாக இருக்கிறது. எல்லாப் புள்ளியும் எல்லைக்குள்ளேயே இருந்து, ஆனால் தொடர்ந்து பத்துப் புள்ளி ஒரே பக்கமாக விழுந்தால் எங்கோ ஏதோ நகர்கிறது என்று பொருள். வெஸ்ட்கார்ட் 1981-இல் வகுத்துத் தந்த விதிகள் இவை. எங்கள் கொலஸ்ட்ரால் புள்ளிகள் ஒருமுறை இப்படி மேற்பக்கமே நடந்து போயின. கடைசியில் பார்த்தால் குளிர்பெட்டியின் கதவு ரப்பர் தேய்ந்து, உள்ளே இருந்த ரீஏஜென்ட், அதாவது சோதனைக் கரைசல், கெட்டுக்கொண்டிருந்தது. இது உள் பரீட்சை. வெளிப் பரீட்சைக்கு வேலூர் சி.எம்.சி. நடத்தும் திட்டம் இருக்கிறது. மாதம் ஒரு மாதிரியைக் கரைத்து ஓட்டி, எங்கள் விடையை அனுப்ப வேண்டும். மற்ற ஆய்வகங்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று வரும். அந்தத் தாள் வரும் நாளில், இத்தனை வருடத்துக்குப் பிறகும், எனக்குப் பரீட்சை முடிவு வருகிற நாளின் வயிற்றுக் கலக்கம்.

இவ்வளவு சந்தேகமும் கருவியின் மீது. என் மீது நான் சந்தேகப்படக் கற்றது 2009-இல்.

அப்போது ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தப் பணியில் இருந்தேன். காலை சுற்றில் முப்பது பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த, முந்தின இரவே டியூப்களில் பெயர் எழுதி அடுக்கி எடுத்துக்கொண்டு போவேன். அது கூடாது என்று படித்திருக்கிறேன். எடுத்த பிறகு, அதே கட்டிலின் அருகில் நின்று எழுத வேண்டும் என்றுதான் படித்தேன். மகளிர் வார்டில் அன்று இரண்டு மாரியம்மாள்கள். “மாரியம்மாள் யார்?” என்று குரல் கொடுத்தேன். ஒரு அம்மாள் தலையாட்டினார். கை கொடுத்தார். எடுத்துக்கொண்டு போனேன். அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தம் ஏற்பாடு செய்வதற்கான மாதிரி அது.

பதினோரு மணிக்கு ரத்த வங்கியிலிருந்து அழைப்பு. அங்கே இருந்த டெக்னீஷியன் சத்தமே போடாமல் பேசினார். அதுதான் இன்னும் மோசம். “இந்த அம்மாவுக்குப் போன மாதம் நாங்கள் பார்த்தபோது ஓ பாசிட்டிவ். இன்று நீங்கள் அனுப்பியிருப்பது பி பாசிட்டிவ். ரத்த வகை மாறாது. ஆள் மாறியிருக்கிறது. வந்து பாருங்கள்.”

எலும்பு மஜ்ஜை மாற்றினால் ரத்த வகையும் மாறலாம், அது வேறு கதை. எங்கள் மகளிர் வார்டில் அது நடப்பதில்லை. நான் ஓடினேன். தலையாட்டிய அம்மாளிடம் போய், “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டேன். “சொன்னேனே, மாரியம்மாள்” என்றார். அடுத்த வரிசையில் ஜன்னல் ஓரம் படுத்திருந்தவரும் மாரியம்மாள்தான். அவருக்குத்தான் அறுவை சிகிச்சை. ஒருவர் பெயரையும் நான் பொய்யாக எழுதவில்லை. தப்பான கையில் சரியான பெயர். பழைய பதிவு மட்டும் இல்லாமல் போயிருந்தால், அந்த ஓ வகை உடம்புக்குள் பி வகை ரத்தம் இறங்கியிருக்கும். அவருடைய ரத்தத்தில் குழந்தைப் பருவத்திலிருந்தே காத்திருக்கும் எதிர்ப்புப் பொருள், ஏறிய அணுக்களை உடைத்து நொறுக்கியிருக்கும். முதல் சில மில்லி லிட்டரிலேயே அது தொடங்கிவிடும்.

மறுபடி எடுத்தேன். எடுக்கும்போது என் கை நடுங்கியதைப் பார்த்து, “புதுசா தாயி?” என்று கேட்டார் ஜன்னலோர மாரியம்மாள். ஆமாம் என்று சொன்னேன். எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தேன். வேலை போகவில்லை. அன்றிலிருந்து ‘நீங்கள் இன்னார்தானே’ என்று யாரையும் கேட்பதில்லை. நம் மக்கள் ஆஸ்பத்திரியில் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஒரு பணிவு. பெயர் என்ன, தகப்பனார் அல்லது வீட்டுக்காரர் பெயர் என்ன, வயது என்ன என்று அவர் வாயால் சொல்ல வைப்பேன். சீட்டோடு ஒப்பிடுவேன். பிறகு ஊசி, பிறகுதான் பேனா.

அதற்குப் பிறகு சில வருடம் காசநோய்க்கான சளிப் பரிசோதனைப் பிரிவில் போட்டார்கள். தண்டனை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. அங்கே அவசரப்பட வழியே இல்லை.

சளி கேட்டால் பலர் எச்சிலைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எச்சிலில் கிருமியைத் தேடுவது வெறும் கிணற்றில் வாளி விடுவதுதான். அதனால் வெட்டவெளியில், வேப்பமரத்தடியில் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து, அடிவயிற்றிலிருந்து எப்படி இரும வேண்டும் என்று நானே இருமிக் காட்டுவேன். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எனக்குத்தான் காசநோய் என்று தோன்றும். வந்த சளியில் மஞ்சளாகக் கெட்டியாக இருக்கும் இடத்தை விளக்குமாற்றுக் குச்சியால் எடுத்து ஸ்லைடில் பரப்புவோம். விலை உயர்ந்த கருவி எதுவும் இந்த வேலைக்கு அந்தக் குச்சியளவுக்கு ஒத்துவராது. ஒரு தடவையோடு எறிந்துவிடலாம், நுனி சொரசொரப்பாக இருப்பதால் சளியும் வழுக்காது. காய்ந்த பூச்சு சரியான தடிமனா என்று பார்க்க, செய்தித்தாளுக்குச் சற்று மேலே ஸ்லைடைப் பிடிப்போம். எழுத்து தெரிய வேண்டும். அப்படித்தான் நான் பல நாள் தலைப்புச் செய்திகளை அடுத்தவர் சளியின் ஊடாகப் படித்திருக்கிறேன்.

பிறகு கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, கீழே தீயைக் காட்டி, ஆவி எழும்வரை சூடாக்க வேண்டும். கொதிக்க விடக் கூடாது. ஐந்து நிமிடம். கழுவி, 25 சதவீத கந்தக அமிலம். காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகு போன்றது. சாயம் ஏறுவது கடினம், ஏறிவிட்டால் அமிலத்துக்கும் இறங்காது. மற்றதெல்லாம் வெளுத்துப்போகும். கடைசியாக மெத்திலீன் நீலம். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் பாசிட்டிவ். நுண்ணோக்கியில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம்தான் ஃபீல்டு. ஒரு ஃபீல்டுக்குப் பத்துக்கு மேல் என்றால் மூன்று பிளஸ், அதற்கு இருபது ஃபீல்டு பார்த்தால் போதும். ஒன்றுமே இல்லை என்று சொல்ல வேண்டுமானால் மட்டும் நூறு ஃபீல்டு பார்த்தாக வேண்டும். ‘இல்லை’ என்று எழுதுவதற்குத்தான் அதிக வேலை.

பீடி சுற்றும் ஒரு அம்மாள் வந்திருந்தார். இரண்டு மாதமாக இருமல். புகையிலைத் தூசிக்கு இருமல் வருவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டிருந்தார். வந்த அன்று கொடுத்த சளியில் எதுவும் இல்லை. மறுநாள் அதிகாலைச் சளி. வெளியே வரிசை நீண்டிருந்தது. அறுபதாவது ஃபீல்டில் கண் எரிய ஆரம்பித்தது. இதுவும் நெகட்டிவ்தான் என்று கை பேனாவைத் தேடியது. எண்பத்தேழாவது ஃபீல்டில் ஒன்று. சாயத் துணுக்காக இருக்குமோ என்று குவியத்தை மேலும் கீழும் திருகினேன். லேசாக வளைந்த குச்சி, அப்படியே நின்றது. தொண்ணூற்றொன்றில் இன்னும் இரண்டு. நூறு ஃபீல்டில் மொத்தம் மூன்று. இவ்வளவு குறைவாக இருந்தால் பிளஸ் போடுவதில்லை, எண்ணையே எழுத வேண்டும். பதிவேட்டில் பாசிட்டிவ் முடிவுகளைச் சிவப்பு மையில் எழுதுவது முறை. சிவப்புப் பேனாவை எடுத்து ‘ஸ்கேன்டி 3’ என்று எழுதினேன்.

அந்த அம்மாள் ஆறு மாத மாத்திரையை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டார். இன்று இது சாதாரணமாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் போய்ப் படுக்க வேண்டும். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான், வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பவர்களுக்கு நிகராகக் குணமாகிறார்கள் என்று உலகுக்குக் காட்டியது. 1959-இல் அந்த முடிவு வெளியானது. குணமாகிவிட்டார்கள் என்று எதை வைத்துச் சொன்னார்கள்? மாதா மாதம் சளியைப் பார்த்துத்தான். அந்த ஸ்லைடுகளின் முன் குனிந்து உட்கார்ந்திருந்தவர்களின் கழுத்து வலியை என்னால் உணர முடிகிறது.

ஒன்றரை வருடம் கழித்து அதே அம்மாள் பேத்தியின் ரத்தப் பரிசோதனைக்காக வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “நீங்கள்தானே மரத்தடியில் நின்று இருமிக் காட்டினவர்கள்!” எண்பத்தேழாவது ஃபீல்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இப்போது கோவாவில் தயாராகும் ட்ரூநாட் போன்ற கருவிகள் கிருமியின் மரபணுவையே நேராகப் பிடித்துவிடுகின்றன. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகின்றன. நல்லதுதான். மூன்றே மூன்று குச்சிக்காக யாரும் கண்ணெரிய உட்கார வேண்டாம். ஆனால் எச்சிலைக் கொடுத்தால் அந்தக் கருவியும் ஏமாறும். வேப்பமரத்தடி வேலை இன்னும் போகவில்லை.

டெங்கு காலத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஊரே ‘பிளேட்லெட் எவ்வளவு’ என்று கேட்டுக்கொண்டு திரியும். ஆய்வக ஜன்னலில் பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் குடிநீரும் ஏந்தியபடி உறவினர்கள். ரத்தம் கெட்டியாகிறதா, பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று டாக்டர்கள் கவலைப்படுவது அவர்கள் காதில் ஏறாது. ஓர் இளைஞருக்குக் கருவி 22,000 என்று காட்டியது. காய்ச்சல் இரண்டு நாள்தான், உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. ஸ்லைடு போட்டுப் பார்த்தால், பூச்சின் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. சிலருக்கு இடிடிஏ பட்டாலே அவை இப்படித் திரண்டுவிடும். கருவி கொத்தைப் பிளேட்லெட்டாக எண்ணாது. சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, திரவத்தின் அளவுக்காக 1.1-ஆல் பெருக்கினால் ஒரு லட்சத்து எண்பதாயிரம். அதற்குள் அவருடைய அண்ணன் ரத்ததானம் செய்ய நான்கு பேரை மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்துவிட்டார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ரத்த வங்கிக்கு அனுப்பி வைத்தேன். யாருக்காவது ஆகும்.

கொரோனா வருடத்தில் என் பங்கு மூக்கில் குச்சி விட்டதும், டியூபைப் பையில் போட்டு, பையை டப்பாவில் போட்டு, டப்பாவைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றியதும்தான். அப்படிப் பெட்டி அடுக்கும்போது எனக்கு நினைவு வந்தது 1986. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தமது ஆய்வுக்காக 80-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் எடுத்தார். சீரத்தைப் பிரித்து, வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின, அதாவது பாசிட்டிவ். எல்லோரும் அந்த மஞ்சளைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் அந்த வீட்டுக் குளிர்பெட்டியைத்தான் நினைத்துக்கொள்வேன். பாலுக்கும் தோசை மாவுக்கும் பக்கத்தில், எண்பது சொச்சம் குட்டிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஓர் எண் இடம் மாறியிருந்தாலும் எல்லாம் போயிற்று.

எங்களை இன்னும் நர்ஸம்மா என்றும் சிஸ்டர் என்றும் கூப்பிடுகிறார்கள். ‘ரத்தம் எடுக்கிற பிள்ளை’ என்பது என் நாற்பது வயதிலும் செல்லுபடியாகும் பட்டம். டெக்னீஷியனா டெக்னாலஜிஸ்டா என்று எங்களுக்குள்ளேயே ஒரு வழக்கு ஓடுகிறது. 2021-இல் துணைநிலை சுகாதாரப் பணியாளர்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. பெயர்ப் பலகை மாறுவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன்.

இப்போது என்னிடம் மாணவர்கள் வருகிறார்கள். போன வாரம் ஒரு சின்னப் பெண், முதல் முறை ஊசி பிடிக்கிறாள், நெற்றியெல்லாம் வியர்வை. வார்டுக்கு அனுப்பும் முன் என் கையைக் குத்து என்று சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். பட்டையைக் கட்டினாள். விரலால் தேடினாள். நரம்பு கிடைத்தது அவள் முகத்தில் தெரிந்தது. ஊசியின் மூடியைக் கழற்றப் போனவள் நின்றாள். மேசையிலிருந்த சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதமாக என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டவள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டாள்:

“உங்கள் பெயர் என்ன? வீட்டுக்காரர் பெயர்? வயது?”

சொன்னேன். சீட்டைப் பார்த்துச் சரிபார்த்தாள். ஒரே குத்தில் எடுத்தாள். டியூபை எட்டு தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திவிட்டு, என் பக்கத்திலேயே நின்று பெயர் எழுதினாள். கருவியில் ஓட்டினோம்.

ஹீமோகுளோபின் 9.8. அவள் என்னைப் பார்த்தாள். “இன்னொரு தடவை ஓட்டு” என்றேன். 9.8. “காலையில் கன்ட்ரோல் சரியாக வந்ததா?” வந்தது, வரைபடத்தைக் காட்டினாள். ஸ்லைடும் போட்டுப் பார்த்தாள். அணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறிக் கிடந்தன. சந்தேகப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை. மருந்தகத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்க வரிசையில் நின்றேன். அங்கே இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, “யாருக்கு, சிஸ்டர்?” என்று கேட்டார்.